பதில்: இரண்டு ஃபைட்டோஃப்தோரா, ஒட்டாத எண்கள்

பயிர்களை அழுக வைக்கும், பூஞ்சை போன்ற நுண்ணுயிரி ஃபைட்டோஃப்தோரா. அதன் பால்மிவோரா, சோஜே என்ற இரண்டு இனங்களின் ஜூஸ்போர் (நீந்தும் வித்து) புரத அளவுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டதில் எண்கள் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். புரதத் துண்டான பெப்டைடில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே, அளவு ஒன்றாக இருந்தாலும், அதை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சிக்னல் மாறிவிடலாம். ஒவ்வோர் இனத்துக்குள்ளும் மைசீலியத்தோடு (இழைகளாக வளரும் நிலை) ஜூஸ்போரை ஒப்பிட்டு விகிதம் எடுங்கள். அப்புறம் இணையான புரதங்களின் விகிதங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

எனக்கு அதைவிடக் கவலை உங்கள் மாதிரிதான். சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றினாலோ குலுக்கினாலோ ஜூஸ்போர் வாலை உதிர்த்து, உருண்டு, நீந்தாத சிஸ்ட் ஆகிவிடும். சிங்கப்பூர் கேலாங்கில் வாங்கிய அழுகல் டுரியானிலிருந்து பிரித்த பால்மிவோராவில் எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்று வார உழைப்பு, குழாயில் பாதி சிஸ்ட். உறைய வைக்கும் முன் ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். துறுதுறுவென்று நீந்தினால் சரி, அந்தத் தொகுதியை நம்பி எடுங்கள்.