தகவலாளி 3

கேள்வி: வயது 29. மட்டக்களப்புப் படுவான்கரையில் கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியாரின் ஒரே மகள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூத்து வழியாகப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி முதுதத்துவமாணி (எம்.பில்) ஆய்வு செய்து முடித்தேன். அப்பாவும் இன்னும் நான்கு அண்ணாவிமாரும் சொன்னவையே அதில் பெரும்பகுதி. ஆய்வு முறைப்படி அப்பாவை 'தகவலாளி 3' என்று போட்டிருக்கிறேன். இப்போது பிரயோக அரங்கில் (கல்விக்கும் சமூக வேலைக்கும் நாடகத்தைப் பயன்படுத்தும் துறை) கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது. முன்பு எல்லாவற்றுக்கும் துணை நின்றவர் அப்பா. தை மாதம் ஆய்வேட்டைக் கையில் கொடுத்தேன். இரண்டு நாள் புரட்டிப் பார்த்துவிட்டு அலுமாரியில் வைத்தார். அதிலிருந்து, "கூத்தைப் படிச்சு என்ன காணப்போறாய், கலியாணத்தைக் கட்டு" என்ற ஒரே பேச்சுதான். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மகள், வெளிநாட்டுப் படிப்பா கலியாணமா என்று எனக்கு மாதம் நாலு கடிதம் வரும். அதற்கான பதில் எனக்கு மனப்பாடம். உங்களுக்கு அதை எழுதப் போவதில்லை, உங்கள் வீட்டில் கலியாணம் ஒரு சாட்டு மட்டும்தான்.

அப்பா இரண்டு நாள் புரட்டினார் என்கிறீர்கள். எதைத் தேடினார்?

அகஸ்தோ போவால் உங்கள் ஆய்வேட்டில் இருப்பார், டொரத்தி ஹீத்கோட்டும் இருப்பார். இந்தத் துறையில் அவர்கள் இல்லாமல் யாரும் எழுதுவதில்லை. பிரேசில் நாடகக்காரருக்கும் இங்கிலாந்து அம்மாவுக்கும் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. ஆசிரியரே ஒரு பாத்திரமாகப் பிள்ளைகளின் விளையாட்டுக்குள் இறங்கி, உள்ளே நின்றபடி பாடத்தை நகர்த்துவதை ஹீத்கோட் செய்து காட்டினார். சரி, பெரிய விசயம்தான். கூத்துக் களரி நடுவில் மத்தளத்தோடு நின்று, முதலடியைப் பாடிக் கொடுத்து, கால் தடுமாறுகிறவனைத் தாளக்கட்டாலேயே இழுத்து நிறுத்துகிற மனுசன் மட்டும் உங்களுக்கு மூன்றாம் நம்பர்.

"ஆய்வு முறைப்படி" என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். பெயரை மறைப்பது எதற்கு என்று யோசித்தீர்களா? போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயோடு பட்டறை செய்தால் அவள் பெயரை மறைக்கத்தான் வேண்டும், அவளுக்கு அது பாதுகாப்பு. ஊரே வட்டமாக இருந்து விடிய விடியப் பார்த்த அண்ணாவியாரை யாரிடமிருந்து மறைத்தீர்கள்? பெயர் போடட்டுமா என்று ஐந்து பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சம்பந்தப்பட்டவர்களின் வாயைத் திறக்க வைப்பதுதானே பிரயோக அரங்கு? உங்கள் வீட்டுத் திண்ணையில் அது நடக்கவில்லை.

1962இல் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். ஆட்டம் பழக்க வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்துக்கொண்டார். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் நான் அந்தப் பெயரைச் சொல்கிறேன் என்றால், அன்று பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லி எழுதியதால்தான். உங்கள் ஆய்வை அறுபது ஆண்டு கழித்துப் படிக்கிற பிள்ளை யாரைத் தேடிப் போகும்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. இன்றைக்கு அப்பா படுக்கிற வீடு நாளைக்கு உங்கள் பெயரில் வரும், அதில் அவருக்குப் பேச்சே இருக்காது. தன் பெயரில் வீடு வாங்குகிற மகள், அப்பா பெயரை ஒரு பக்கத்தில் எழுத மாட்டாளா? பெற்றவர் மனம் நோவது தெரியாமல் சம்மதம் வாங்கத் தந்திரம் கேட்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. படிப்பைவிடக் குடும்பம் பெரிது என்று நினைக்கிற பழைய ஆள் நான். அதை மறைக்கவும் மாட்டேன்.

படிக்கப் போங்கள், அதைப் பற்றி எனக்கு இரண்டு பேச்சு இல்லை. முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகமும் கல்லடி அழகியற் கற்கைகள் நிறுவகமும் இங்கேதான் இருக்கின்றன, பள்ளிக்கூடங்களில் நாடகமும் அரங்கியலும் இப்போதும் ஒரு பாடம்தான்.

அதற்கு முன்னால், வருகிற சனிக்கிழமை அலுமாரியிலிருந்து அந்த ஏட்டை எடுங்கள். அப்பா பக்கத்தில் பாயில் இருந்து, தகவலாளி 3 சொன்னதாக எழுதிய பக்கங்களை உரக்க வாசியுங்கள். அவர் பிழை பிடிப்பார். கூத்தர் உடுக்கும் கரப்புடுப்பைப் பற்றி எழுதிய இடத்தில் சிரிக்கவும் கூடும். மேற்பார்வையாளர் சரி என்று சொன்னார் என்று வாயெடுக்காதீர்கள். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில், பெயரைப் போடட்டுமா அப்பா என்று கேளுங்கள். தன் பெயரைச் சொல்லுமுன் தனக்குப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரைத்தான் சொல்வார், அவருக்குப் பழக்கியவர் பெயரும் அதோடு வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மற்ற நால்வர் வீட்டுக்கும் போங்கள். விசாக் கதையை அப்புறம் எடுக்கலாம்.