நந்தியாவட்டைப் பூச்சாறு கண்புரையைக் கரைக்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 62. சர்க்கரை உண்டு. வலது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது. நந்தியாவட்டைப் பூவைக் கசக்கி, தாய்ப்பாலில் கலந்து இரண்டு சொட்டு விட்டால் கரைந்துவிடும் என்கிறார்கள். வீட்டிலேயே செடி நிற்கிறது. விடலாமா? செடியின் இலையெல்லாம் கரிபடிந்த மாதிரி இருக்கிறது. அதனால் தோஷம் உண்டா?

பதில்: விடவே கூடாது. மூடிய இமைமேல் பூவை வைப்பது வேறு, கண்ணுக்குள் சாறு விடுவது வேறு.

புரை விழுவது கண்ணின் மேற்பரப்பில் இல்லை. கண்மணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில். அதிலுள்ள புரதம் கலங்கிவிட்டால், வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலத்தான், திரும்பத் தெளியாது. பார்வை வேலைக்கு இடைஞ்சலானால் அறுவை செய்து செயற்கை லென்ஸ் வைப்பதே வழி.

சித்த வைத்தியத்தில் கண்நோய்க்கு இந்தப் பூவைச் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் காம்பைக் கிள்ளிப் பாருங்கள், வெள்ளைப் பால் முத்தாகத் துளிர்க்கும். அது கண்ணை உறுத்தும். அதைவிடப் பெரிய பயம் பூஞ்சை. கசக்கிய பூவோடு பூஞ்சை வித்தும் போகும். கருவிழியில் சின்னக் கீறல் இருந்தாலே போதும், புண்ணாகிவிடும். அன்றே தெரியாது, சில நாள் கழித்துத்தான் வலிக்கும். அதற்குள் பூச்சாறு விட்டதே மறந்திருக்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறுவதும் தாமதம். தாய்ப்பாலும் கிருமியற்றது அல்ல.

கண் எரிச்சலுக்குக் குளிர்ச்சி வேண்டுமென்றால், காலையில் பறித்த பூவின் காம்பைக் கிள்ளி எறிந்து, பால் வடிந்தபின் நன்றாகக் கழுவுங்கள். கண்ணை மூடி, இமைமேல் சுத்தமான ஈரத்துணி போட்டு, அதன்மேல் பூவை 10 நிமிடம் வையுங்கள். உண்மையைச் சொன்னால், வெறும் ஈரத்துணியே அந்த வேலையைச் செய்துவிடும்.

செடியின் பால் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல் சுத்தமான நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூசுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைக்கு அதுவே உரம்.

இலைக் கரிக்குத் தோஷம் ஒன்றுமில்லை. மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் கரும்பூஞ்சணம் அது. பூச்சி மொய்த்த கிளையை வெட்டிவிட்டு, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் நனைய மாலையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் போதும். மருந்தடித்த செடியின் பூவைக் கண் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கிளை வெட்டும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பால் தெறிக்கும்.

அம்மாவுக்கு அறுவை முடிந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இமைமேல் வைப்பதும் வேண்டாம்.