57-ஆ, 60-ஆ? பணி ஓய்வு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 57 வயது. அலுவலக விதிப்படி 60 வரை வேலை பார்க்கலாம். வேலை மேல் வெறுப்பு இல்லை, அலுப்பு வந்துவிட்டது. மனைவிக்கு 54, வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்கடன் இன்னும் இரண்டு ஆண்டில் முடியும். கடைசி மகளின் படிப்பும் அப்போது முடிந்துவிடும். தவணையும் படிப்புச் செலவும் சேர்க்காமல் எங்கள் ஆண்டுச் செலவு எவ்வளவோ, அதைப்போல 22 மடங்கு சேமிப்பு இருக்கிறது. இப்போதும் ஆண்டுக்கு அரை மடங்கு மிச்சம் பிடிக்கிறோம். 60 வயதிலிருந்து செலவில் கால் பங்குக்கு ஓய்வூதியம் வரும். அது ஆண்டுதோறும் உயராது. இப்போதே நின்றுவிடலாமா? இன்னொரு பயமும் உண்டு. எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற நண்பர், ஆறே மாதத்தில் யாரோடும் பேசாமல் ஒடுங்கிப்போனார். எனக்கும் அப்படி ஆகிவிடுமோ?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் தந்த கணக்கை வைத்துச் சொன்னால், 59-இல் நில்லுங்கள். 57 அவசரம். 60 வரை இழுப்பதால் பெரிய லாபம் இல்லை. எப்படி என்று காட்டுகிறேன்.

அதற்கு முன் அந்த 22 சரிதானா என்று பாருங்கள். ஆண்டுச் செலவை நினைவிலிருந்து சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்லுகிறார்கள். கடந்த 24 மாத வங்கிக் கணக்கையும் கார்டு கணக்கையும் எடுத்து, வெளியே போன மொத்தத்தைக் கூட்டி இரண்டால் வகுங்கள். அதில் சேமிப்புக்குப் போனது, கடன் தவணை, மகளின் படிப்பு, அலுவலகம் போய்வருகிற செலவு ஆகியவற்றைக் கழியுங்கள். இன்று அலுவலகம் கட்டுகிற மருத்துவக் காப்பீடு, தொலைபேசி போன்றவற்றைச் சேருங்கள். பிறகு, பல ஆண்டுக்கு ஒருமுறை வருகிற செலவுகள்: வண்டி, குளிர்சாதனப் பெட்டி, வீட்டுக் கூரை, பல் சிகிச்சை. பத்து ஆண்டு உழைக்கிற பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுச் செலவில் வையுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான். இதைச் சேர்த்ததும் 22 என்பது 19 ஆகிவிட்டால், கீழே உள்ள எண்கள் அதைவிடச் சற்று அதிகமாகவே இறங்கும்.

22 சரி என்றே வைத்துக்கொள்வோம். விலைவாசி உயர்வைக் கழித்த பிறகு சேமிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்கிறது என்று கொள்வோம். இன்றே நின்றால், மூன்று ஆண்டு முழுச் செலவையும் சேமிப்பிலிருந்து எடுத்து, 60 வயதில் கையில் 20 மடங்கு மிஞ்சும். அதன்பின் ஓய்வூதியம் கால் பங்கைப் பார்த்துக்கொள்வதால் முக்கால் பங்கு எடுத்தால் போதும். அந்த முக்கால் பங்குக்கு இந்தச் சேமிப்பு 27 மடங்கு. ஆனால் கடன் பாக்கியும் மகளின் படிப்பும் இதே சேமிப்பிலிருந்துதான் போக வேண்டும், ஆகவே 27 நிற்காது. 59 வரை வேலை பார்த்தால் தவணையும் படிப்பும் சம்பளத்திலேயே முடிந்து, 60-இல் அதே கணக்கில் 31 மடங்கு வரும். 60 வரை இருந்தால் 33. இரண்டு ஆண்டு உழைப்பு 27-ஐ 31 ஆக்குகிறது, கடனையும் தீர்க்கிறது. மூன்றாம் ஆண்டு கூட்டித் தருவது இரண்டு மடங்குதான். உடல் நன்றாக இருக்கிற ஓர் ஆண்டை அதற்குக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

எத்தனை மடங்கு இருந்தால் போதும்? 25 என்ற எண் எங்கும் அடிபடுகிறது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர், 1926 முதலான அமெரிக்கச் சந்தை விவரங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார். முதல் ஆண்டு சேமிப்பில் 4 விழுக்காடு எடுத்து, பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் குறைந்தது 30 ஆண்டு தாங்கியது. 25 மடங்கு என்பது அந்த 4 விழுக்காட்டின் மறுபக்கம். ஆனால் அது அமெரிக்கச் சந்தைக் கணக்கு, 30 ஆண்டுக் கணக்கு. நீங்கள் 59-இல் நிற்கும்போது உங்கள் மனைவிக்கு 56. அவருடைய 95 வயதுவரை என்றால் 39 ஆண்டு. அதற்கு 3 முதல் 3.5 விழுக்காடு எடுப்பதுதான் நிதானம், அதாவது 28 முதல் 33 மடங்கு. உங்கள் 31 அதற்குள் வருகிறது.

உயராத ஓய்வூதியத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். 72-ஐ விலைவாசி உயர்வு விழுக்காட்டால் வகுத்தால், விலை இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்பது தோராயமாகக் கிடைக்கும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டு. இன்று கால் பங்கைத் தாங்குகிற ஓய்வூதியம், வாங்கத் தொடங்கிய பன்னிரண்டாம் ஆண்டில் எட்டில் ஒரு பங்கைத்தான் தாங்கும். அந்தக் கண்ணோடு பார்த்தால் 31 என்பது 27-க்கு இறங்கும். 57-இல் நிற்பதை நான் தடுப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்: இதே கண்ணோடு பார்த்தால் 57-இல் நிற்பதற்கு வந்த அந்த 27 வெறும் 23. 59-இலும் இதனால் கொஞ்சம் இறுக்கம் வரும். அலுவலகம் ஒத்துக்கொண்டால் கடைசி ஆண்டை வாரத்துக்கு மூன்று நாள் வேலையாக்கிக் கேளுங்கள். அல்லது ஓய்வுக்குப் பின் முதல் சில ஆண்டு, செலவில் கால் பங்காவது ஈட்டுகிற சிறு வேலை ஒன்று இருக்கட்டும். 57, 59, 60 ஆகிய மூன்று வயதிலும் ஓய்வூதியமும் பணிக்கொடையும் எவ்வளவு மாறும் என்று அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முழு ஆண்டுப் பணி நிறைவதற்குச் சில வாரம் முன்னால் நின்று, பெரிய தொகையை இழந்தவர்கள் உண்டு.

பணம் தீர்ந்துபோவது பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டில் நடப்பதை வைத்துத்தான். 100 ரூபாய் சேமிப்பில் 5 எடுத்து, மீதி 95 முதல் ஆண்டே 30 விழுக்காடு விழுந்தால் 66.5 நிற்கும். அடுத்த ஆண்டு அதே 5 எடுப்பது 7.5 விழுக்காடு. சந்தை பிறகு எழுந்தாலும், விழுந்த விலையில் விற்றது திரும்பாது. இதே சரிவு இருபதாம் ஆண்டில் வந்தால் இத்தனை சேதம் இல்லை. ஆகவே மூன்று ஆண்டுச் செலவை வைப்புநிதியில் வையுங்கள், அடுத்த நான்கைந்து ஆண்டுச் செலவை நல்ல கடன்பத்திரங்களில் வையுங்கள், மீதியைத்தான் பங்கு சார்ந்த முதலீட்டில் விடுங்கள். பங்கு விழுந்த ஆண்டில் வைப்புநிதியிலிருந்து மட்டும் செலவழியுங்கள். ஏறிய ஆண்டில் பங்கில் கொஞ்சம் விற்று வைப்புநிதியை நிரப்புங்கள். தவறு நடப்பது இந்த இரண்டாம் பாதியில். ஏறும்போது விற்க மனம் வராது, வைப்புநிதி கரைந்துபோகும், அடுத்த சரிவில் வேறு வழியின்றிப் பங்கை விற்க நேரும். நிரப்பும் மாதத்தை இப்போதே குறித்துவைத்துவிடுங்கள்.

சொந்த மருத்துவக் காப்பீட்டை இந்த ஆண்டே எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பல காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு. அலுவலகக் காப்பீடு இருக்கும்போதே அந்தக் காலம் கழியட்டும்.

இனி உங்கள் நண்பர் பற்றி. அவருக்கு நடந்தது அபூர்வம் இல்லை. 1976-இல் ராபர்ட் ஆட்ச்லி என்ற சமூகவியலாளர் ஓய்வின் கட்டங்களை வகுத்தார். தொடக்க மகிழ்ச்சிக்குப் பின் ஒரு சோர்வுக் கட்டம் வருவதை அதில் குறிப்பிட்டார். விருப்பப்பட்டு நின்றவர்களுக்கும் இது வரலாம். ஹோம்ஸ், ராஹே என்ற மனநல மருத்துவர்கள் 1967-இல் வாழ்க்கை நிகழ்வுகளின் மனச்சுமைக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டபோது, வேலையிலிருந்து நீக்கப்படுவதற்கு 47, ஓய்வுபெறுவதற்கு 45 தந்தார்கள்.

ஏன் என்பதை மாரி யஹோடா என்ற உளவியலாளர் நன்றாகப் பிடித்தார். வேலை சம்பளம் தவிர ஐந்து தருகிறது என்றார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், தவறாத செயல்பாடு. ஆலை மூடப்பட்ட மரீன்தால் என்ற ஆஸ்திரிய ஊரை 1930-களின் தொடக்கத்தில் ஆராய்ந்த குழுவில் அவர் இருந்தார். அங்கே ஒரு விஷயம் கண்டார்கள். வேலை இழந்தவர்களுக்கு நேரம் ஏராளமாகக் கிடைத்தது, ஆனால் நூலகத்திலிருந்து எடுக்கும் புத்தகங்கள் குறைந்துபோயின. அவர்கள் வறுமையிலும் இருந்தார்கள், உங்கள் நிலை வேறு. ஆனாலும் ஓய்வை நினைத்துக் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் இதை மனதில் வைக்க வேண்டும். நேரம் கிடைத்ததும் படிப்பேன், பாடுவேன், தோட்டம் போடுவேன் என்பது தானாக நடப்பதில்லை.

அந்த ஐந்துக்கும் ஒவ்வொன்றாக மாற்று வையுங்கள். வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில், நீங்கள் வராவிட்டால் யாரோ ஒருவர் தேடுகிற இடம் ஒன்று வேண்டும். பாடம் சொல்லித் தருவது, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்ப்பது, குழுவாகப் பாடுவது, எதுவானாலும் சரி. தனியாகச் செய்கிற பொழுதுபோக்கு இதற்கு ஈடாகாது; அதை எந்த நாளும் தள்ளிப்போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அலுவலகத் தொடர்புகள் பாதிக்கு மேல் ஓராண்டில் உதிர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து, வேறு நட்பை இப்போதே தொடங்குங்கள். வாரம் ஒரு மாலை போதும். 59-இல் போய்ச் சேர்ந்தால் நீங்கள் புதியவர். 57-இலேயே போனால் அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு பெயர் இருக்கும்.

முதல் மூன்று மாதம் எதற்கும் பெரிதாக ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓய்வுபெற்றவருக்கு நேரம் உண்டு என்று சொந்தக்காரர்கள் முதல் சங்கங்கள் வரை வேலை கொண்டுவருவார்கள். முதல் ஓராண்டு வீட்டை விற்பது, ஊர் மாறுவது, பெருந்தொகையைத் தொழிலில் போடுவது, பிள்ளைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பது எதுவும் வேண்டாம். வேறு ஊர் ஆசை இருந்தால் அங்கே ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள்.

மனைவியிடம் இதைப் பேசிவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. அந்த வீடு இத்தனை ஆண்டு அவருடைய நேரப்படி ஓடுகிறது. நாள் முழுக்க ஒருவர் கூடுதலாக உட்கார்ந்திருப்பது அவருக்குத்தான் முதல் பாரம். மதியச் சாப்பாடு யார் பொறுப்பு, எந்த அறை யாருக்கு, வாரத்தில் எந்த நேரம் அவருக்கே உரியது என்பது வரை பேசிக்கொள்ளுங்கள். அவருக்கும் வார ஓய்வு வேண்டும். நீங்கள் இல்லாமலேயே அவர் ஒரு வாரம் பணக்கணக்கு முழுவதையும் பார்க்கட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் காகிதமோ கடவுச்சொல்லோ வாரிசு நியமனமோ குறைகிறது.

உடலுக்கு, வாரம் 150 நிமிடமாவது மூச்சு சற்று வாங்குகிற நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. 65-க்குப் பின் சமநிலைப் பயிற்சியும் வாரம் மூன்று நாள். மலையேற்றம், நெடும்பயணம் போன்று முழங்காலைக் கேட்கிற ஆசைகளை முதல் பத்து ஆண்டுக்குள் வையுங்கள், அதற்குரிய பணத்தையும் அந்தப் பத்து ஆண்டிலேயே கணக்கில் சேருங்கள். பின்னால் மருத்துவச் செலவு கூடும், பயணச் செலவு குறையும்.

அலுவலகத்துக்கு இப்போதே எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் முதல் ஆறு மாதம், ஓய்வுக்காலச் செலவு எதுவோ அந்தத் தொகையில் மட்டும் குடும்பம் நடத்துங்கள். மிச்சம் தனிக்கணக்குக்குப் போகட்டும். இடையில் நான்கு வாரம் விடுப்பு எடுத்து, எங்கும் போகாமல் வீட்டில் இருந்து, ஒவ்வொரு நாளும் நேரம் எப்படிப் போயிற்று என்று எழுதிவையுங்கள். இரண்டாவது வாரமே அலுத்துவிட்டால், அந்த ஐந்தில் எது இல்லாமல் என்று குறிப்புகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். செலவுக் கணக்கும் அந்தக் குறிப்புகளும் சேர்ந்த பிறகு மறுபடி எழுதுங்கள். 59-ஐ முன்னே இழுக்கலாமா, பின்னே தள்ள வேண்டுமா என்று அப்போது எண்களை வைத்துப் பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்