சாயம் போடாமல் சிவப்பணு பார்ப்பது: கேள்வி பதில்

ரத்தச் சிவப்பணுவைச் சாயமில்லாமல் லேசர் ஒளியால் படமெடுக்கும் ஹாலோகிராஃபிக் நுண்ணோக்கி பற்றிக் கடலூர், புதுச்சேரி நண்பர்கள் கேட்டு அனுப்பியவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மஞ்சக்குப்பம், லேப் டெக்னீசியன்: நாங்கள் லீஷ்மன் சாயம் போட்டுத்தான் ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தப் படலம்) பார்க்கிறோம். சாயமே இல்லாமல் எப்படி சார் தெரியும்?

சிவப்பணு ஒளியை அதிகம் விழுங்காது. உள்ளே போகும் ஒளியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். நம் கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. அதனால் லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அணு வழியாகவும் மற்றதைத் தனி வழியிலும் அனுப்பி, கேமராவில் சேர்க்கிறார்கள். திரையில் முதலில் வருவது நெருக்கமான கோடுகள்தான். அணு இருக்கும் இடத்தில் மட்டும் கோடு லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவைக் கணினி தடிமன் படமாக மாற்றும்.

அணுவின் விளிம்புத் தடிமன் சுமார் 2 மைக்ரான் (2000 நானோமீட்டர்). அணுவுக்கும் அதைச் சுற்றியுள்ள ரத்தத் திரவமான பிளாஸ்மாவுக்கும் ஒளிவிலகல் எண்ணில் (ஒளியை எவ்வளவு தாமதப்படுத்தும் என்ற அளவு) 0.06 வித்தியாசம் என்று வைத்தால், இரண்டையும் பெருக்கி வரும் தாமதம் 120 நானோமீட்டர். சிவப்பு லேசர் அலைநீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மாடியில் யாராவது கதவை அறைந்து சாத்தினாலே கோடுகள் ஆடுவது இதனால்தான்.

நெல்லிக்குப்பம், பள்ளி ஆசிரியை: கிரெடிட் கார்டில் மினுக்கும் ஹாலோகிராமும் இதுவும் ஒன்றா?

அடிப்படை ஒன்றுதான் மேடம். டென்னிஸ் கபோர் 1948-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் படத்தைத் தெளிவாக்கத்தான் இதை யோசித்தார். நோபல் 1971-இல் வந்தது.

லாஸ்பேட்டை, எம்.டெக் மாணவர்: இந்தப் படங்களை வைத்து சிவப்பணு வடிவங்களைக் கணினி மாடலால் வகைப்படுத்தும் புராஜெக்ட் செய்கிறேன். 98 சதவீதம் சரியாக வருகிறது. போதுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள்: ஒரே நோயாளியின் அணுக்கள் மாடலுக்குப் பயிற்சி தரும் படங்களிலும் அதைச் சோதிக்கும் படங்களிலும் கலந்திருக்கின்றனவா? கலந்திருந்தால் அந்த 98-ஐ நம்பாதீர்கள். உங்கள் மாடல் அந்த ஆளின் ரத்தத்தையும் அன்றைய லேசர் ஒளியையும் மனப்பாடம் செய்திருக்கலாம். அணு வாரியாகப் பிரிக்காமல் ஆள் வாரியாகப் பிரியுங்கள்.

அடுத்தது, வெறும் படத்தைக் கொடுக்காமல் அளவுகளையும் கொடுங்கள்: பரப்பு, கன அளவு, நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் உள்ள தடிமன் விகிதம். இயல்பான அணு ஓட்டை முழுதாக விழாத மெதுவடை; நடுவே பள்ளம். உருண்டையான ஸ்பீரோசைட் அணுவில் அந்தப் பள்ளமே இருக்காது. எக்கினோசைட் அணுவில் முள் முளைக்கும். ஒன்று கவனம்: கருவி தருவது தடிமனும் ஒளிவிலகல் எண் வித்தியாசமும் பெருக்கி வந்த தொகை. ஹீமோகுளோபின் (அணுவுக்குள் இருக்கும் சிவப்புப் புரதம்) குறைந்த அணுவும் மெலிந்த அணுவும் ஒரே மாதிரி தெரியலாம். ஒரே அணுவை ஒளிவிலகல் எண் வேறான இரண்டு திரவங்களில் வைத்து அளந்தால் இரண்டையும் பிரிக்கலாம்.

வில்லியனூர், ஒரு அம்மா: மகளுக்கு எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 68, ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) 5.6. இந்தக் கருவியில் பார்த்தால் தலசீமியாவா என்று தெரியுமா?

அதற்கு இந்தக் கருவி தேவையில்லை அம்மா. 68-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 12. இது 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா ட்ரெயிட் (அந்தப் பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவைச் சுமக்கும் நிலை) இருக்குமோ என்று சந்தேகப்படுவார்கள். ஆனால் அது சந்தேகம் மட்டும்தான். ஃபெரிட்டினும் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் அளவு), ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி பரிசோதனையும் செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பீட்டா தலசீமியா ட்ரெயிட் என்று பார்ப்பார்கள். இரும்புச்சத்து ரொம்பக் குறைந்திருந்தால் அந்த அளவும் இறங்கிக் காட்டும். அதனால்தான் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்ப்பது.

அரியாங்குப்பம், ரத்த வங்கி ஊழியர்: சேமித்த ரத்தத்துக்குப் பயன்படுமா?

எனக்குப் பிடித்த கேள்வி. சிபிடிஏ-1 என்ற உறையாமல் காக்கும் கரைசல் உள்ள பையில் 35 நாள், அணுக்களை நீண்ட நாள் காக்கும் சேர்க்கைக் கரைசல் போட்ட பையில் 42 நாள் வரை ரத்தத்தை வைக்கலாம் என்பது பொதுவான கணக்கு. அந்த நாட்களில் தட்டு வடிவ அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக முள் வடிவத்துக்கும், கடைசியில் உருண்டைக்கும் போகும். சாயமில்லாமல், அணுவைக் கொல்லாமல், ஒவ்வொரு கட்டத்திலும் கன அளவும் ஹீமோகுளோபின் நிறையும் எண்ணாகக் கிடைக்கும் என்பதுதான் இதன் பலம்.

கடலூர் பழைய நகரம், டெக்னீசியன்: மழைக்காலத்தில் ஸ்மியர் காயவே மாட்டேங்குது. அணுவில் வளையம் மினுக்குது. இதில் அந்தத் தொல்லை இல்லையே?

ஈரக் காற்றில் மெதுவாகக் காய்ந்தால் அந்த வளையம் வரும். இங்கே காய வைப்பதே இல்லை, அதனால் அது இல்லை. ஆனால் வேறு தொல்லை உண்டு. சலைனில் (உப்புக் கரைசல்) போட்டு இரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்தால், நல்ல அணுவும் முள் முளைத்துவிடும்; கண்ணாடியே காரத்தன்மையைக் கூட்டுகிறது. அதைத் தடுக்க ஆல்புமின் என்ற புரதத்தைக் கொஞ்சம் சேர்ப்பார்கள். அப்புறம், ரத்தம் உறையாமல் எடுத்து வைக்கும் ஈடிடிஏ டியூப்பை மறுநாள் வரை வைத்துவிட்டுப் பார்க்காதீர்கள். நோயாளிக்கு இல்லாத முள்ளெல்லாம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.