சுவான்சோவில் இரண்டு நாள்: சாப்பாடும் பழைய கற்களும்

கேள்வி: வேலையாக சீனாவில் சியாமென் போகிறேன். ஒரு நாள் மட்டும் பக்கத்து ஊரான சுவான்சோவைப் பார்த்துவிட்டு வந்தால் போதுமா?

போதாது. ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் நிறைய பேர் காலையில் போய் மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஊரின் ருசி விடிகாலையிலும் இரவிலும்தான் இருக்கிறது. ஒரு இரவாவது தங்குங்கள். மேற்குத் தெரு பக்கம் அறை எடுத்தால் கையுவான் கோயிலுக்கு நடந்தே போகலாம்.

கேள்வி: அங்கே தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததாமே, உண்மையா?

உண்மைதான். 1281-இல், சீனாவை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் மன்னரின் உடல்நலத்துக்காக அங்கே சிவனை எழுந்தருளச் செய்தார் என்று தமிழில் வெட்டியிருக்கிறார்கள், கூடவே ஒரு வரி சீன எழுத்தும் உண்டு. அந்தக் கோயில் இப்போது இல்லை, கற்கள்தான் மிஞ்சின.

கையுவான் கோயில் 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். எல்லோரும் முன்னால் கும்பிட்டு, இரட்டைக் கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் தயவுசெய்து பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போங்கள். அங்கே நிற்கும் இரண்டு தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள், நம்மூர்க் கோயில் தூண் மாதிரியே. நான் அங்கேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். அப்புறம் கடல்சார் அருங்காட்சியகத்தில் லிங்கத்தை யானை பூசிக்கும் சிற்பம் ஒன்று இருக்கிறது. திருவானைக்காவல் கதை தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

கேள்வி: காலையில் என்ன சாப்பிடுவது?

மியான்சியான்ஹு. நூல் மாதிரி மெல்லிய கோதுமைச் சேமியாவைக் கஞ்சிப் பதத்துக்கு வேகவைத்த சூடான கூழ் இது. தட்டுகளில் சிப்பி, குடல், பொரித்த பன்றி இறைச்சி என்று வைத்திருப்பார்கள், வேண்டியதைக் கையால் காட்டினால் போதும், கூழில் போட்டுத் தருவார்கள். எண்ணெயில் பொரித்த நீள மாவுத் துண்டை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். மிளகுத்தூளைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக்கொள்ளுங்கள். 1974-இல் அந்த ஊர் விரிகுடாவில் தோண்டியெடுத்த, சோங் அரச மரபுக் காலத்துப் பழைய கப்பலில் வாசனைக் கட்டைகளோடு மிளகும் இருந்தது, அந்த மிளகுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஞாபகம் வரும்.

இரவுக்கு இஞ்சி வாத்து. முற்றிய இஞ்சியும் நல்லெண்ணெயும் சேர்த்து மண்சட்டியில் சுண்ட வைப்பார்கள், தெருமுனையிலேயே வாசனை வந்துவிடும்.

கேள்வி: புழு ஜெல்லி சாப்பிட்டீர்களா?

சாப்பிட்டேன், பிடித்தது. பெயர் துசுன்தொங். சேற்றுக் கடற்கரையில் கிடைக்கும் கடற்புழுவை வேகவைத்தால் அதன் பசையே ஆறியதும் கெட்டியாகிவிடும். பூண்டு, வினிகர், கடுகு விழுதோடு குளிர்ச்சியாகத் தருவார்கள். முகம் சுளிக்காமல் ஒன்று சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

இல்லை, ஆனால் கவனம் வேண்டும். காய்கறி மட்டும் தெரியும் பண்டத்திலும் உலர்ந்த இறாலோ பன்றிக் கொழுப்போ இருக்கும். "இறைச்சி, மீன், இறால், கொழுப்பு வேண்டாம்" என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். கோயில்கள் பக்கம் இருக்கும் பௌத்த சைவக் கடைகளை நம்பலாம். வேர்க்கடலை இனிப்பு சூப், ஐஸ் போட்ட நான்கு பழ இனிப்பு, இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் நாள் எங்கே போகலாம்?

லுவோயாங் பாலம், பழைய கல் பாலம். 1053 முதல் 1059 வரை கட்டினார்கள். அடித்தளக் கற்கள் ஆற்றோட்டத்தில் நகராமல் இருக்க அவற்றின் மேல் சிப்பிகளை வளர்த்து, அந்தச் சிப்பிகளே கற்களைப் பிணைக்கும்படி செய்தார்கள். நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள், படகு மூக்கு மாதிரி கூரான தூண்கள் அப்போதுதான் முழுசாகத் தெரியும். திரும்பும் வழியில் சிப்பி ஆம்லெட் ஒரு தட்டு.

கேள்வி: பணம், வரைபடம் எல்லாம்?

சின்னக் கடையிலும் போனில்தான் கட்டுவார்கள். கிளம்பும் முன்பே அலிபே என்ற பணம் கட்டும் செயலியில் உங்கள் கார்டைச் சேர்த்துவிடுங்கள். கூகுள் மேப் அங்கே உதவாது, ஆமேப் என்ற சீன வரைபடச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

தியேகுவான்யின் தேயிலை. அது விளையும் அன்ஷி, சுவான்சோவைச் சேர்ந்த பகுதிதான். கடையில் உட்காரவைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள், இரண்டு மூன்று வகை குடித்துப் பார்த்து, பிடித்ததில் ஐம்பது கிராம் வாங்குங்கள், போதும்.