லிங்காவுக்கு வரும் தம்பிக்கு: முதலில் மெர்கா, அப்புறம்தான் வாடகை

திண்டுக்கல் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தோனேசியாவின் வடக்கு சுமாத்ராவில் காபன்ஜாஹே பக்கம் லிங்கா என்ற கிராமத்தில் தங்கி, உருளைக்கிழங்கு விதைப் பண்ணையில் ஒரு வருட வேலையாம். வாடகை எவ்வளவு, இணையம் வருமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா, எரிமலை ஆபத்தா, தமிழர்கள் உண்டா, அந்த மலையில் வாழும் காரோ மக்கள் சோழர் வம்சம்தானே என்று ஆறு கேள்விகள். நானும் இதே ஆறு கேள்விகளோடு வந்தவன்தான். இதில் இருக்கவேண்டிய ஏழாவது கேள்வி தெரியாமல் முதல் ஆறு மாதம் முட்டாளாகத் திரிந்தேன்.

வாடகை, இணையம் எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையை இங்கே வருடக் கணக்கில் மொத்தமாக முன்பணமாகக் கேட்பார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதும். அது கட்டுப்படியாகாவிட்டால் ‘கோஸ்’ என்று மாத வாடகை அறைகள் உண்டு. அவை காபன்ஜாஹே டவுனில்தான் அதிகம். லிங்கா அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள்.

ஏழாவது கேள்வி இது: “என்னை யார் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்வது?”

காரோ நாட்டில் உங்கள் பெயரை யாரும் முதலில் கேட்க மாட்டார்கள். மெர்காவைத்தான் கேட்பார்கள். மெர்கா என்பது குலம். கிந்திங், காரோ-காரோ, பெராங்கின்-அங்கின், செம்பிரிங், தாரிகான் என்று மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றுக்குள்ளும் பல உட்பிரிவுகள். பெண்கள் ‘பெரு’ என்று சேர்த்துச் சொல்வார்கள்: பெரு கிந்திங், பெரு தாரிகான். இரண்டு காரோக்கள் முதல்முறை சந்தித்தால் காப்பிக் கடையிலேயே கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு எர்துத்துர் என்று பெயர். முதலில் உன் மெர்கா என்ன. அடுத்து உன் பெரே-பெரே என்ன, அதாவது அம்மாவின் மெர்கா. அப்புறம் உட்பிரிவு, ஊர். கணக்கு முடிந்ததும் ஒருவரை ஒருவர் கூப்பிட முறைப்பெயர் கிடைத்துவிடும். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பம்.

தமிழனுக்கு இது அரை நாளில் பிடிபடும். காரணம், அம்மாவின் சகோதரர் இங்கேயும் மாமா, அவர் மனைவி மாமி! தற்செயலோ என்னவோ, சொல்லும் உறவும் அப்படியே பொருந்துகின்றன. மாமன் மகள் ‘இம்பால்’, கட்டிக்கொள்ளும் முறை உள்ளவள். இரண்டு பேருக்கும் அம்மா ஒரே மெர்கா என்றால் செபெமெரேன், அண்ணன் தம்பி முறை. ஒரே மெர்கா என்றால் செனினா, நம் பங்காளி. பங்காளிக்குள் பெண் எடுக்கக் கூடாது, செம்பிரிங்கிலும் பெராங்கின்-அங்கினிலும் சில உட்பிரிவுகளுக்குள் மட்டும் விதிவிலக்கு. மச்சான் முறைக்கு ‘சிலிஹ்’. முறை சரியாகத் தெரியாத, உங்கள் வயதுள்ள ஆணைச் சிலிஹ் என்று கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மூத்தவர்களிடம் ‘எங்கோ’ என்று பேசிவிடாதீர்கள், அது ‘நீ’. மரியாதைக்கு ‘காம்’. வணக்கத்துக்கு மெஜுவா-ஜுவா, நன்றிக்கு புஜுர்.

உங்களுக்கு மெர்கா கிடையாதே என்றால், தருவார்கள். தங்கும் வீட்டுக்காரரோ பண்ணை மேஸ்திரியோ தன் மெர்காவையே கொடுத்து மகனாக ஏற்பது வழக்கம். அவசரப்பட்டு நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொடுக்கும்போது அந்த வீட்டம்மாவின் மெர்காவையும் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், உங்கள் பெரே-பெரே அதுதான். ஒன்றை மட்டும் சொல்லி இன்னொன்றுக்குத் திருதிருவென்று விழித்தால் எர்துத்துர் பாதியில் நின்றுவிடும். நாளைக்கே காரோப் பெண் ஒருத்தியைக் கட்டும் யோசனை வந்தால் கதை வேறு. அவள் அப்பாவின் மெர்கா உங்களுக்கு ஆகாது, அண்ணன் தங்கை ஆகிவிடுவீர்கள். அதற்கென்று பெரியவர்கள் உட்கார்ந்து வேறு மெர்கா பார்ப்பார்கள்.

அடுத்தது ரெபு. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பேசக்கூடாது. மாமனாரும் மருமகளும் அப்படியே. ஒருவரை ஒருவர் தொடுவதும் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதும் கூடாது. நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்தோ தூணைப் பார்த்தோ, “சாப்பாடு தயார் என்று சொல்” என்பார்கள். வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துச் சமாதானம் பேசப் போகாதீர்கள். மரியாதைதான் அது. ஆனால் நீங்கள் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தால் தூதுவர் வேலை உங்களுக்குத்தான். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். இளைய தலைமுறையில் இதைத் தளர்த்திய வீடுகளும் உண்டு. எந்த வீடு எப்படி என்பதை முதல் வாரம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

விசேஷம் என்றால் ஜம்பூரில், அதாவது ஊரின் திறந்த மண்டபத்தில் நடக்கும். பெண் கொடுத்த வீட்டார் காலிம்புபு, அவர்களுக்குத்தான் முதல் மரியாதை. பெண் எடுத்தவர்கள் அனாக் பெரு, சமைப்பதும் பரிமாறுவதும் இலை எடுப்பதும் அவர்கள் பொறுப்பு. எந்தப் பாயில் உட்காருவது என்று யாராவது காட்டும்வரை நின்றுகொண்டே இருங்கள். காலியாக இருக்கிறதே என்று போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சோழர் கதைக்கு வருவோம். இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மாகாணத் தலைநகர் மெடானில் காம்ப்ளெக்ஸ் வீட்டுக்குள் இருந்துகொண்டு, சனிக்கிழமை மட்டும் இங்கே மலையில் பெராஸ்தகி ஊருக்கு வந்து ஸ்ட்ராபெர்ரி வாங்கி, “இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க” என்று வீடியோ எடுத்துப் போடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. செம்பிரிங் மெர்காவுக்குள் சோலியா, பாண்டியா, மெலியாலா, பிராமனா என்று உட்பிரிவுகள் இருப்பது உண்மை. செம்பிரிங் என்ற பெயரிலேயே கறுப்பு என்ற பொருள் இருக்கிறது. செம்பிரிங்கில் ஒரு பிரிவினர் முன்பு இறந்தவர்களை எரித்து, சாம்பலைச் சிறு படகில் வைத்து லாவ் பியாங் ஆற்றில் விட்டதும் உண்மை. மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததும் உண்மை. ஆனால் அது ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் கல்வெட்டு. கற்பூரம் வாங்க வந்த வியாபாரிகள் வைத்தது, படையெடுத்து வந்த ராஜா வெட்டியதல்ல. ராஜேந்திரனின் 1025 கடற்படையெடுப்பில் அடிபட்டவை ஸ்ரீவிஜயத் துறைமுகங்கள். அந்தப் பட்டியலில் இந்த மலை இல்லை. காரோ மொழி மலாய், ஜாவா மொழிகளின் குடும்பம். ஆக, தொடர்பு உண்டு, கலப்பும் உண்டு, ஆனால் ஐந்து மெர்காவையும் சோழர் பேரப்பிள்ளைகள் ஆக்குவது அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பட்டா கேட்பது மாதிரி. பெரும்பாலோர் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள், 1890-இல் டச்சு மிஷன் வந்து ஆரம்பித்தது. கோயில் பாடம் எடுக்காதீர்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கை. மெடானில் ‘கெலிங்’ என்றால் நம்மைக் குறிக்கும் வசைச்சொல். மலையில் ‘செம்பிரிங் கெலிங்’ என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் அது அவர் குலப்பெயர். முறைக்காதீர்கள்.

சைவச் சாப்பாடு. ‘வெஜிடேரியன்’ என்ற சொல் வேலைக்கு ஆகாது, இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் குழம்பை ஊற்றித் தருவார்கள். டாகிங் (இறைச்சி), ஆயாம் (கோழி), ஈகான் (மீன்), தெராசி என்று நான்கையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்கவேண்டும். தெராசி என்பது இறால் விழுது, சம்பால் என்ற மிளகாய்த் துவையலில் ஒளிந்திருக்கும். தெரி என்ற நெத்திலிக் கருவாடு கீரையில் ஒளிந்திருக்கும். மரவள்ளி இலையை இடித்துத் தேங்காய்ப்பாலில் செய்யும் கறியில் ரிம்பாங் போடுவார்கள். வேறொன்றுமில்லை, நம் சுண்டைக்காய்தான். தெரி வேண்டாம் என்று சொல்லி வாங்கினால் அதைவிட நல்ல சோற்றுக் கூட்டு இந்த மலையில் இல்லை. சிம்பா என்பது பசையரிசி மாவுக்குள் தேங்காயும் பனைவெல்லமும் வைத்து இலையில் மடித்து அவிப்பது, கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை. கடைப் பலகையில் ‘பி 1’ என்றால் நாய் இறைச்சி (பியாங்), ‘பி 2’ என்றால் பன்றி (பாபி). எழுத்தை எண்ணி வைத்த பெயர்கள். தெரித்தேஸ் என்ற சூப்பைக் கொடுத்தால் விசாரித்துவிட்டுக் குடியுங்கள், மாட்டின் இரைப்பையில் பாதி செரித்த புல்லைப் பிழிந்து செய்வது. அசைவக்காரர்களே யோசிப்பார்கள்.

சமைத்துக்கொள்வதாக இருந்தால் குக்கர் கொண்டுவாருங்கள். ஊர் 1,200 மீட்டருக்கு மேல், தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். பச்சைப்பயறு எங்கும் கிடைக்கும். துவரையும் உளுந்தும் மெடான் கம்புங் மெட்ராஸ் (பழைய பெயர் கம்புங் கெலிங்) கடைகளில்தான். கறிவேப்பிலைக்கு அங்கே ‘தெமுருய்’ என்று கேளுங்கள். இட்லி மாவு ஒரு ராத்திரியில் புளிக்காது, இரவில் பதினாறு டிகிரி வரை இறங்கும். ரைஸ் குக்கர் பக்கத்தில் வைத்து ஒரு முழு நாள் விடுங்கள். இந்தியாவிலிருந்து இருபது கிலோ அரிசி தூக்கிவருபவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நம் ஊர் மூன்று முள் பிளக் இங்கே பொருந்தாது, இரண்டு உருண்டை முள்தான். வீட்டு மீட்டர் தாங்குவது 900 அல்லது 1,300 விஏதான். ஊரிலிருந்து 1,500 வாட்ஸ் ஹீட்டர் ராடு கொண்டுவந்து செருகினால் வீடே இருட்டாகும். மின்சாரம் முன்பணம், இருபது இலக்க எண்ணை மீட்டரில் அழுத்தவேண்டும். மெடான் பக்கத்துப் பேச்சையும் கவனியுங்கள்: ‘கெரெத்தா’ என்றால் ரயில் அல்ல, பைக். ‘பாஜாக்’ என்றால் வரி அல்ல, சந்தை. வந்த 24 மணி நேரத்துக்குள் கிராமத் தலைவரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டிவிடுங்கள், ஊர் முகப்பிலேயே பலகை இருக்கும். விசா நாள் தாண்டினால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் ரூபியா அபராதம். சுற்றுலா விசாவில் வேலை பார்க்கலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள், முதலாளியிடம் கிதாஸ் என்ற தங்கும் அனுமதி அட்டையைக் கேளுங்கள்.

எரிமலை. சினாபுங், 2,460 மீட்டர். நானூறு வருடம் தூங்கிய மலை என்று கண்காணிப்பே இல்லாமல் இருந்தது. 2010 ஆகஸ்டில் எழுந்தது. 2013 செப்டம்பரில் மறுபடி தொடங்கி வருடக்கணக்கில் ஓயவில்லை. 2014 பிப்ரவரி 1-இல் குறைந்தது பதினாறு பேர், 2016 மே 21-இல் ஏழு பேர் இறந்தார்கள். தடைசெய்த வட்டத்துக்குள் நிற்கும்போது வெப்பமேகம் இறங்கியது. ஆகவே ‘சோனா மேரா’ (சிவப்பு மண்டலம்) பலகைக்கு அந்தப் பக்கம் படம் எடுக்கப் போகாதீர்கள், மலை அமைதியாகத் தெரிந்தாலும். ‘மாக்மா இந்தோனேசியா’ செயலியில் அன்றாட நிலையைப் பார்க்கலாம். மொத்தம் நான்கு நிலைகள், ஏறுவரிசையில்: நார்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ்.

சாம்பல் விழுந்தால் துணி முகமூடி போதாது, என்95 வேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி, கூரையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயைப் பிரித்துவிடுங்கள். தகரக் கூரையில் கிடப்பதை மழைக்கு முன் அள்ளவேண்டும், நனைந்தால் கனத்துக் கூரையை அழுத்தும், தகரத்தையும் அரிக்கும். அள்ளும்போது பறக்காத அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளியுங்கள். ஹோஸ் வைத்து அடித்தால் சாக்கடையில் சிமெண்டாக இறுகிவிடும். கார்க் கண்ணாடியில் காய்ந்த வைப்பரைப் போட்டால் கண்ணாடி போச்சு. பெருமழைக்குப் பிறகு மலையிலிருந்து வரும் ஓடைகளைக் கடக்காதீர்கள், லாஹார் சேறு பாறையையே உருட்டிவரும்.

பாகெரா, சிமாசெம், சுகாமெரியா மூன்று ஊர்களும் மலையடிவாரத்தை விட்டு சியோசாருக்கு மாற்றப்பட்டன. லிங்கா அப்படியே இருக்கிறது, ஆனால் நீங்கள் படத்தில் பார்த்திருக்கும் லிங்கா இல்லை. படத்தில் இருப்பது சிவாலு ஜாபு என்ற எட்டுக் குடும்ப வீடு, ஆணி இல்லாமல் கட்டியது. நான்கு அடுப்பு, அடுப்புக்கு இரண்டு குடும்பம். சரிந்த பலகைச் சுவரில் கருப்புக் கயிற்றால் பல்லி உருவம் பின்னியிருக்கும், அழகுக்கு மட்டுமல்ல, பலகைகளைச் சேர்த்துக் கட்டுவதே அந்தக் கயிறுதான். 1947-இல் டச்சுப் படைக்கு எதுவும் மிஞ்சக்கூடாது என்று காரோக்காரர்களே பல ஊர்களைக் கொளுத்தினார்கள். அதில் தப்பிய வீடுகளும் இப்போது ஒன்றிரண்டாகக் குறைகின்றன. குடும்பங்கள் தனித்தனியாகத் தகரக் கூரைக்குப் போய்விட்டன. அடுப்பு அணைந்தால் புகை இல்லை, புகை இல்லாவிட்டால் பனைநார்க் கூரையில் பூச்சியும் பாசியும் ஏறிவிடும். முன்பு சாயங்காலம் போனால் கூரை முழுக்க மெதுவாகப் புகை கசியும், எருமைக்கொம்பு வைத்த முகடு மட்டும் மேலே தெரியும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் போட்டு, உதட்டோரம் புகையிலை அதக்கிய பாட்டிகள் வாசல் மேடையில் உட்கார்ந்து கேட்பார்கள், “மெர்கா என்ன?” என்று.

தமிழர்களை மலையில் தேடாதீர்கள், மெடானில் இருக்கிறார்கள். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, பண்டிகைக்கு இறங்கிப் போகலாம். வெள்ளி சாயங்காலமும் ஞாயிறும் வேண்டாம், சிபோலாங்கிட் வளைவுகளில் இரண்டு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரம் ஆகும்.

என்ன மெர்கா கொடுத்தார்கள் என்று வந்ததும் எழுதுங்கள். எனக்கு செம்பிரிங். உங்களுக்கும் அதுவே என்றால் தம்பி என்று கூப்பிட்டது சரிதான். கிந்திங் கொடுத்துவிட்டு வீட்டம்மா பெரு செம்பிரிங்காக இருந்தால், நான் உங்களுக்கு மாமா ஆகிவிடுவேன்.