30 லட்ச ரூபாய் மேனிக்வின் வாங்குவதற்கு முன்

கேள்வி: எங்களுடையது 60 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. பெரும்பாலும் பிரசவ கேஸ்கள்தான். நான் நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட். சமீபத்தில் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காத ஒரு தாயைப் பெரும்பாடு பட்டுக் காப்பாற்றினோம். அதன்பிறகு சிமுலேஷன் பயிற்சி, அதாவது அவசர நிலையை நடித்துப் பழகும் பயிற்சி தொடங்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது. மூச்சுவிடும், நாடி துடிக்கும், கண் சிமிட்டும் மேனிக்வின் (மனித உருவப் பயிற்சிப் பொம்மை) ஒன்றுக்கு 30 லட்ச ரூபாய் கொட்டேஷன் வந்துள்ளது. வாங்கலாமா? இதையே ஆய்வாகச் செய்து கட்டுரை வெளியிடவும் எங்கள் டாக்டர்கள் ஆசைப்படுகிறார்கள். எங்கள் அளவு மருத்துவமனையில் அது நடக்குமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். ஆய்வு நடக்கும், ஆனால் அதைப் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே திட்டமிட வேண்டும்.

மயக்க மருந்து மாணவர்கள், ஐசியு டாக்டர்கள் வருடம் முழுவதும் பழகும் மருத்துவக் கல்லூரிக்கு அந்த மேனிக்வின் பொருந்தும். அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், தனி அறை வேண்டும். இவை இல்லாத இடத்தில் அது திறப்பு விழாவுக்குப் பிறகு உறைக்குள் போய்விடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா 1980-களிலேயே கணினியால் இயங்கும் மேனிக்வினை உருவாக்கியவர். சிமுலேஷன் என்பது ஒரு கருவி அல்ல, ஒரு பயிற்சி முறை என்று வலியுறுத்தி எழுதியவரும் அவரேதான்.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான அனுபவம் டான்சானியாவின் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனையில் கிடைக்கிறது. பிறந்தவுடன் அழாத குழந்தையை முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சுவிட வைக்கும் பயிற்சியை அங்கே 2010-ல் ஒரே நாளில் நடத்தினார்கள். பயன்படுத்தியது தண்ணீர் நிரப்பிய எளிய குழந்தை பொம்மை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள். நிஜப் பிரசவத்தில் மட்டும் ஒன்றும் மாறியிருக்கவில்லை. அவர்கள் அங்கேயே நிற்காமல், பொம்மையை லேபர் ரூமிலேயே வைத்து, வாரம் 3 முதல் 5 நிமிடம் பழகும் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் நேரும் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. முன்பு, பின்பு என்று ஒப்பிட்ட ஆய்வுதான் இது. குறைந்ததற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் பொம்மை மாறவில்லை, ஆட்களும் பெரும்பாலும் மாறவில்லை. பழகும் இடமும் இடைவெளியும்தான் மாறின. உங்கள் நிர்வாகத்திடம் முதலில் சொல்ல வேண்டியது இந்தக் கதையைத்தான்.

நீங்கள் வாங்க வேண்டியவை மூன்றே. தண்ணீர் நிரப்பும் குழந்தை பொம்மை; ஒருவர் வயிற்றில் கட்டிக்கொண்டு பிரசவத்தையும் ரத்தப்போக்கையும் நடித்துக்காட்ட உதவும் மாடல்; மார்பு அழுத்தத்தின் ஆழத்தையும் வேகத்தையும் காட்டும் சிபிஆர் பொம்மை. மூன்றும் சேர்ந்தாலும் அந்தக் கொட்டேஷனில் சிறு பகுதிதான் ஆகும். மிச்சத் தொகையில் ஒரு பங்கை ஸ்டாஃப் நர்ஸ்களின் நேரத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். நைட் டியூட்டி முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் பெண்ணைச் சம்பளமில்லாமல் ஒரு மணி நேரம் நிறுத்தி நடத்தும் பயிற்சி நிலைக்காது. ஷிஃப்ட் மாறும் வேளையில், டியூட்டி நேரத்துக்குள்ளேயே வையுங்கள்.

முதல் பயிற்சியாக ரத்தப்போக்கையே எடுங்கள். உங்கள் டீமுக்கு அந்த நாள் இன்னும் மனதில் இருக்கும். சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை அளந்து, பேடிலும் விரிப்பிலும் ஊற்றி, எவ்வளவு போயிருக்கும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதனால்தான் அளவுக்கோடு போட்ட ரத்தச் சேகரிப்பு விரிப்பு முக்கியம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில் அந்த விரிப்போடு கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின், ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட், ஐவி ஃப்ளூயிட், பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். பணியிடத்திலேயே சிமுலேஷன் பயிற்சியும் கொடுத்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதனால் வரும் அறுவை சிகிச்சை, மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்த பெண்களின் விகிதம் வழக்கமான சிகிச்சையில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6 சதவீதம்.

பயிற்சியை வகுப்பறையில் வைக்காமல் உங்கள் லேபர் ரூமிலேயே, உங்கள் டிராலியை வைத்தே நடத்துங்கள். ஆக்சிடோசின் இருக்கும் ஃபிரிட்ஜின் சாவி ராத்திரியில் யாரிடம் இருக்கிறது, டிரனெக்ஸாமிக் ஆசிட் வார்டில் இருக்கிறதா அல்லது பில் போட்டு ஃபார்மசியிலிருந்து வர வேண்டுமா, ரத்த வங்கிக்கு யார் போன் செய்வது, ஸ்ட்ரெச்சர் அந்த லிஃப்டில் நுழையுமா என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். என் அனுபவத்தில் முதல் சில பயிற்சிகளின் பெரிய பலன் இதுதான். கண்ட குறையை அந்த வாரமே சரிசெய்யுங்கள். சரிசெய்யாவிட்டால் அடுத்த பயிற்சிக்கு யாரும் மனதோடு வரமாட்டார்கள்.

பயிற்சி பத்து நிமிடம் என்றால், அதன்பின் பேசும் நேரம் அதற்குக் குறையக்கூடாது. டீபிரீஃபிங் என்று சொல்கிறோமே, கற்றல் பெரும்பாலும் நடப்பது அங்கேதான். 'ஏன் டாக்டரை உடனே கூப்பிடவில்லை?' என்று கேட்டால் தலை குனிவார்கள், பேச்சு முடிந்துவிடும். பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டுக் கேளுங்கள்: 'விரிப்பில் 500 மில்லி தாண்டியதைக் கவனித்தேன். இரண்டு நிமிடம் கழித்து டாக்டரைக் கூப்பிட்டீர்கள் சிஸ்டர். அந்த நேரத்தில் என்ன யோசித்துக்கொண்டிருந்தீர்கள்?' 'போன தடவை ராத்திரி எழுப்பியதற்கு டாக்டர் சத்தம் போட்டார்' என்று பதில் வரலாம். அது அந்த நர்ஸின் திறமைக் குறைவு அல்ல. எந்த மேனிக்வினும் காட்டித் தராத ஆபத்து அது. அதனால் டாக்டர்களும் பயிற்சியில் இருந்தே ஆக வேண்டும், வேடிக்கை பார்க்காமல் அவரவர் வேலையையே செய்தபடி. யார் தடுமாறினார் என்பது அப்ரைசலுக்குப் போகாது என்றும், வீடியோ வாட்ஸ்அப்பில் வராது என்றும் நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 2014-ல் அமெரிக்காவில், பயிற்சிக்கென்றே தயாரிக்கப்பட்ட, கிருமிநீக்கம் செய்யாத சலைன் பைகள் கிளினிக்குகளுக்குப் போய்ச் சேர்ந்து, 40-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டுவிட்டன. பயிற்சிப் பொருட்களைத் தனிப் பெட்டியில் பூட்டுங்கள். ஒவ்வொன்றிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று பெரிதாக ஒட்டுங்கள், முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். நிஜக் கேஸ் வந்தால் 'பயிற்சி நிறுத்தம்' என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதையும் தொடங்கும்போதே அறிவியுங்கள்.

ஆய்வுக்கு வருவோம். பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு, மார்க் கூடியது என்று எழுதும் கட்டுரைகள் ஏற்கனவே ஏராளம். அதில் இன்னொன்றுக்கு உழைக்க வேண்டாம். சிகாகோ நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு, சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர் குழாய்) போடுவதில் முழுத் தேர்ச்சி வரும்வரை டாக்டர்களுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்துவிட்டு, ஐசியுவில் நோய்த்தொற்றை எண்ணியது. 1,000 கதீட்டர் நாட்களுக்கு, அதாவது நோயாளிகளின் உடலில் குழாய் இருந்த மொத்த நாட்களில் ஆயிரத்துக்கு, 3.20 ஆக இருந்த நோய்த்தொற்று 0.50 ஆனது. ஆய்வு 2009-ல் வெளியானது. நோயாளியிடம் என்ன மாறியது என்று பார்த்ததால்தான் அந்த ஆய்வு இன்றும் பேசப்படுகிறது.

உங்கள் பிரசவ எண்ணிக்கையில் மரணங்களை வைத்து ஒன்றும் நிரூபிக்க முடியாது, அவ்வளவு குறைவாகவே நேரும். நேரத்தை அளவிடுங்கள்: ரத்தப்போக்கு கண்டறிந்ததிலிருந்து டிரனெக்ஸாமிக் ஆசிட் ஏறும்வரை எத்தனை நிமிடம், அழாத குழந்தைக்கு ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) எத்தனை விநாடியில் வைக்கப்பட்டது. இதைக் குறிக்க லேபர் ரூம் ரெஜிஸ்டரில் இரண்டு கட்டம் சேர்த்தால் போதும். பயிற்சி தொடங்கும் முன் சில மாதங்களாவது குறித்து வையுங்கள். அந்த முன்கணக்கு இல்லாவிட்டால் பிறகு ஒப்பிட ஒன்றுமிருக்காது. பக்கத்தில் இதே அளவுள்ள இரண்டு, மூன்று மருத்துவமனைகள் சேர்ந்தால் ஆய்வுக்கு இன்னும் வலு வரும்.

ஆய்வு நெறிகளைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதியை, ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே வாங்குங்கள், பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். உங்களிடம் கமிட்டி இல்லாவிட்டால், பதிவுபெற்ற கமிட்டி உள்ள நிறுவனத்தோடு இணைந்து செய்யலாம். இந்த ஆய்வில் உங்கள் ஸ்டாஃபும் பங்கேற்பாளர்கள்தான். பயிற்சி எல்லோருக்கும் கட்டாயமாக இருக்கலாம், தன் விவரத்தை ஆய்வுக்குத் தருவது அவரவர் விருப்பம். அந்தச் சம்மதப் படிவத்தை அவர்களுடைய மேலதிகாரியான நீங்கள் நீட்டாமல், துறைக்கு வெளியே உள்ள ஒருவரைக் கொண்டு வாங்குங்கள்.